வெளியே தெரிந்தால் உரிமை, உள்ளே ஒளித்தால் குற்றம்: அமெரிக்காவின் பழைய ஆயுதச் சட்டங்கள்

கேள்வி: கௌபாய் படங்களில் ஊரில் உள்ள எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிகிறார்கள். பழைய அமெரிக்காவில் ஆயுதம் எடுத்துச் செல்ல எந்தத் தடையும் இருந்ததில்லையா? ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கும் சட்டங்கள் எப்போது வந்தன, ஏன் வந்தன?

தடை இருந்தது. அதுவும் கௌபாய்களின் காலத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தது. ஆடைக்குள் ஆயுதத்தை மறைத்துக்கொண்டு நடமாடுவதைக் குற்றமாக்கிய முதல் அமெரிக்க மாநிலச் சட்டம் 1813 பிப்ரவரியில் கென்டக்கியில் நிறைவேறியது. அடுத்த மாதமே லூசியானா பின்தொடர்ந்தது. 1820-இல் இந்தியானா, 1821-இல் டென்னசி, 1830களின் இறுதியில் ஜார்ஜியா, அலபாமா, ஆர்கன்சா, வர்ஜினியா என்று வரிசை நீண்டது. மாநிலங்களின் பெயர்களைக் கவனியுங்கள். நியூயார்க்கோ பாஸ்டனோ இதைத் தொடங்கவில்லை. பெரும்பாலும் அடிமை முறை நிலவிய தெற்கு மாநிலங்கள்தான் தொடங்கின. இன்று துப்பாக்கி உரிமைக்காக உரக்கக் குரல் எழுப்பும் அதே மண்.

அந்தச் சட்டங்களைப் படிப்பதற்கு முன், இன்றைய நம் உணர்வைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். இன்று ஒருவர் தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குள் நுழைந்தால் கூட்டம் கலைந்து ஓடும். உரிமம் பெற்ற ஒருவர் சட்டைக்குள் கைத்துப்பாக்கி வைத்திருந்தால் அது யார் கண்ணையும் உறுத்தாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கணக்கு நேர்மாறாக இருந்தது. வெளியே தெரியும்படி ஆயுதம் அணிந்தவன் தன்னைப் பற்றி ஊருக்கு அறிவித்துவிடுகிறான். அவனிடம் வாய் கொடுப்பதா வேண்டாமா என்று எதிரில் வருபவர் முடிவு செய்துகொள்ளலாம். மறைத்து வைத்திருப்பவனோ எதிராளிக்கு அந்த வாய்ப்பைத் தராமல், நிராயுதபாணிபோல் நெருங்கி வந்து தாக்கக்கூடியவன். அவனைத்தான் அந்தச் சட்டங்கள் குறிவைத்தன. ஆயுதத்தின் மீதான வெறுப்பு அவற்றில் மிகக் குறைவு. பதுங்கித் தாக்குபவன் மீதான வெறுப்பு மிக அதிகம். இதைத் தவறவிட்டவர்கள்தான் அந்தச் சட்டங்களை இன்றைய துப்பாக்கிக் கட்டுப்பாட்டின் முன்னோடி என்றோ, சுதந்திரத்தின் மீது விழுந்த முதல் அடி என்றோ எழுதுகிறார்கள். இரண்டுமே முழு உண்மையைச் சொல்வதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த அச்சத்துக்கு ஐரோப்பாவில் ஒரு முன்கதை உண்டு. தொடக்ககாலத் துப்பாக்கியைச் சுட வேண்டுமானால் எரியும் திரி வேண்டும். புகைந்துகொண்டிருக்கும் திரியோடு ஒரு துப்பாக்கியை யாரும் மேலங்கிக்குள் ஒளிக்க முடியாது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விசையை இழுத்ததும் சக்கரம் சுழன்று பொறி தெறிக்கும் அமைப்பு வந்தது. திரி தேவையில்லை, மருந்தையும் குண்டையும் முன்கூட்டியே இட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அலையலாம். ஆட்சியாளர்களுக்கு உறக்கம் போனது. 1541-இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி காலத்தில் வந்த சட்டம், கைத்துப்பாக்கியின் மொத்த நீளம் ஒரு கெஜத்துக்குக் குறையக் கூடாது என்றது. ஆண்டுக்கு நூறு பவுண்டு நில வருமானம் இல்லாதவர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்வதையும் அதே சட்டம் தடுத்தது. அந்த அச்சம் வீண் அச்சமல்ல என்பதை 1584 காட்டியது. டச்சு விடுதலைப் போரின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் அந்த ஆண்டு டெல்ப்ட் நகரில் தம் வீட்டுக்குள்ளேயே கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கிலாந்தில் அதற்கும் முந்தைய சட்டம் ஒன்று இருந்தது: 1328-இன் நார்தாம்ப்டன் சட்டம். சந்தையிலும் திருவிழாவிலும் அரசரின் நீதிபதிகள் முன்னிலையிலும் ஆயுதம் தரித்து வரக் கூடாது என்று அது கூறியது. ஆனால் அதன் கவலை வேறு. ஆயுதத்தைக் காட்டி மக்களை மிரட்டும் பெரிய மனிதர்களே அதன் இலக்கு. அட்லாண்டிக் கடலைத் தாண்டிய பிறகுதான் ஒளித்து வைப்பது தனிக் குற்றமாக உருப்பெற்றது.

கென்டக்கியின் 1813 சட்டம் மிகச் சிறியது. பையில் அடங்கும் கைத்துப்பாக்கி, குத்துவாள், பெரிய கத்தி, கைத்தடிக்குள் செருகிய வாள் ஆகியவற்றை மறைத்து அணிந்தால் குறைந்தது 100 டாலர் அபராதம். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. ஒரே விலக்கு, நெடும்பயணத்தில் இருப்பவருக்கு. லூசியானாவின் சட்டம் தன் காரணத்தை முகப்பிலேயே சொன்னது: கொலைகளும் கொலை முயற்சிகளும் அமைதியாக வாழ விரும்பும் மக்களைக் கலங்கச் செய்யும் அளவுக்குப் பெருகிவிட்டன, பொது இடங்களில் ஆயுதத்தை மறைத்துத் திரியும் தீய வழக்கமே அதற்கு முக்கியக் காரணம். மார்புக்குள்ளோ கோட்டுக்குள்ளோ, முழுமையாகக் கண்ணில் படாத வேறெந்த இடத்திலோ ஆயுதம் வைத்திருப்பவருக்கு அபராதம் விதித்தார்கள்.

பயணிக்கான விலக்கை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. சாலைகள் காட்டுக்கு நடுவே போயின, வழிப்பறி சாதாரணம், போலீஸ் என்ற அமைப்பே பல இடங்களில் கிடையாது. ஊருக்குள் நிலைமை வேறு. அங்கே ஒருவன் ஒளித்து வைத்திருக்கும் ஆயுதம் பெரும்பாலும் அவனுக்குத் தெரிந்த மனிதன் மீதே பாயும் என்று சட்டம் இயற்றியவர்கள் கருதினார்கள். சீட்டாட்டம், குதிரைப் பந்தயம், தேர்தல் வாக்குவாதம், ஒரு சொல்லில் புண்பட்ட கௌரவம் என்று கொலைக்குக் காரணங்கள் அற்பமாகவே இருந்தன. பயணி எங்கே முடிகிறான், உள்ளூர்க்காரன் எங்கே தொடங்குகிறான் என்ற கேள்வி அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு நீதிமன்றங்களை அலைக்கழித்தது. பக்கத்து மாவட்டத்துக்குப் போனால் பயணமா? வழியில் ஒரு சாராயக் கடையில் இறங்கி இரவைக் கழித்தால் பயணம் முறிந்துவிடுமா? சட்டைப்பையிலிருந்து கைப்பிடி மட்டும் எட்டிப் பார்த்தால் அது மறைத்ததா, வெளியே தெரிந்ததா? ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விடை சொன்னது.

கென்டக்கிச் சட்டத்தின் ஆயுள் ஒன்பது ஆண்டுகள்தான். பிளிஸ் என்பவர் வாள் செருகிய கைத்தடியோடு பிடிபட்டார். 100 டாலர் அபராதம் விழுந்தது. அவர் மேல்முறையீடு செய்ய, 1822-இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. நீதிபதிகளின் வாதம் நேரடியானது. கென்டக்கியின் அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது குடிமக்களுக்கு எந்த முறையில் ஆயுதம் தரிக்கும் உரிமை இருந்ததோ, அதில் எந்தப் பகுதியைக் குறைத்தாலும் அது உரிமையைக் குறைப்பதுதான். இன்று மறைத்து வைப்பதைத் தடுக்கலாம் என்றால், நாளை வெளியே அணிவதையும் தடுக்கலாம். கென்டக்கி மக்கள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. 1850-இல் புதிய அரசமைப்புச் சட்டம் எழுதும்போது, ஆயுத உரிமையைச் சொல்லும் பிரிவிலேயே, மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று சேர்த்துவிட்டார்கள். அந்த வாசகத்தின் சாரம் இன்றைய கென்டக்கி அரசமைப்பிலும் இருக்கிறது.

1830களில் எல்லோருடைய கவனமும் ஒரு கத்தியின் மீது திரும்பியது. 1827 செப்டம்பரில் மிசிசிப்பி ஆற்றின் மணல்திட்டு ஒன்றில் இரு கனவான்களுக்கிடையே ஒற்றைக்கு ஒற்றையாக நடந்த துப்பாக்கிச் சண்டை, காயமின்றி முடிந்த பிறகு, வேடிக்கை பார்க்க வந்த இரு தரப்பாரின் கைகலப்பாக வெடித்தது. அதில் குண்டுக் காயமும் கத்திக் காயமும் பட்டும், ஜிம் போவி என்பவர் தம் பெரிய கத்தியால் எதிரியைக் கொன்று உயிர் தப்பினார். செய்தித்தாள்கள் அந்தக் கத்திக்கு அவர் பெயரையே சூட்டின. 1836-இல் டெக்சாஸின் அலமோ கோட்டையில் அவர் கொல்லப்பட்டதும் புகழ் இன்னும் பரவியது. அன்றைய கைத்துப்பாக்கி ஒரே ஒரு குண்டை மட்டும் சுடும். மருந்து நமத்துப் போனால் அதுவும் இல்லை. போவி கத்தி ஒருபோதும் கைவிடாது. கோட்டுக்குள் அடங்கும், மனிதனை ஒரே வீச்சில் சாய்க்கும்.

1837 டிசம்பரில் ஆர்கன்சா சட்டமன்றத்திலேயே அந்தக் கத்தி இறங்கியது. ஓநாய்த் தலைத்தோலுக்குப் பரிசு கொடுக்கும் மசோதா ஒன்றின் மீது விவாதம். ஜே.ஜே. ஆண்டனி என்ற உறுப்பினர், அவைத்தலைவர் ஜான் வில்சன் தலைமை வகித்த வங்கியைக் குத்திக்காட்டிப் பேசினார். வில்சன் தம் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார். இருவரிடமும் கத்தி இருந்தது. அவைத்தலைவர், அவையின் நடுவிலேயே, உறுப்பினரைக் குத்திக் கொன்றார். அவையிலிருந்து அவர் நீக்கப்பட்டார். ஆனால் நடுவர் குழு அவரைத் தண்டிக்காமல் விட்டுவிட்டது. சட்டம் இயற்றும் இடத்தில் சட்டம் இயற்றுபவர்களே மேலங்கிக்குள் கத்தியோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சமூகத்தின் நோய் எவ்வளவு ஆழமானது என்று புரியும். அடுத்த ஆண்டு தொகுக்கப்பட்ட ஆர்கன்சாவின் சட்டங்களில் மறைத்து ஆயுதம் அணிவது குற்றமாக இடம்பெற்றது.

அதே ஆண்டுகளில் அலபாமா ஒவ்வொரு போவி கத்தி விற்பனைக்கும் 100 டாலர் வரி போட்டது. டென்னசி அந்தக் கத்தியின் விற்பனையையே தடை செய்தது. ஜார்ஜியா 1837-இல் எல்லோரையும் மிஞ்சி, குதிரைவீரர் வைத்திருக்கும் பெரிய துப்பாக்கியைத் தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளையும் போவி கத்தியையும், மறைத்தாலும் மறைக்காவிட்டாலும் தடுக்கப் பார்த்தது. வழக்குகள் வரிசையாக வந்தன. அந்தத் தீர்ப்புகளைத்தான் இன்றைய அமெரிக்க வழக்கறிஞர்கள் வரிவரியாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

1840-இல் டென்னசியின் ஐமெட் வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் தம்மோடு சண்டையிட்ட ஒருவரைத் தேடி, உடைக்குள் போவி கத்தியோடு விடுதிக்குப் போனவர். நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆயுத உரிமை என்பது குடிமக்கள் ஒன்றுசேர்ந்து பொதுப் பாதுகாப்புக்காக நிற்பதற்கானது. போர்க்களத்தில் பயன்படும் ஆயுதங்களையே அது காக்கும். ரவுடியின் கையில் இருக்கும் கத்தியைக் காக்காது என்றார்கள். அதே ஆண்டில் அலபாமாவின் ரீட் வழக்கு. அது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ஒரு எல்லைக்கோடு கிழித்தது. ஆயுதம் எந்த முறையில் அணியப்பட வேண்டும் என்று மாநிலம் ஒழுங்குபடுத்தலாம். ஒழுங்குபடுத்துகிறேன் என்ற பெயரில் தற்காப்புக்கே பயன்படாதபடி உரிமையை அழிக்கக் கூடாது. ஒளித்து வைப்பதை மூடினால், வெளியே அணியும் வழியைத் திறந்து விட வேண்டும்.

1846-இல் ஜார்ஜியாவில் நன் என்பவரின் வழக்கில் தலைமை நீதிபதி ஜோசப் ஹென்றி லம்ப்கின் அதே கோட்டில் நடந்தார். மறைப்பதைத் தடுத்த பகுதி செல்லும். வெளிப்படையாக அணிவதையும் தடுத்த பகுதி செல்லாது. நன் துப்பாக்கியை மறைத்து வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் சொல்லப்படாததால் அவர் விடுதலையானார். 1850-இல் லூசியானாவின் சாண்ட்லர் வழக்கு அந்தக் காலத்தின் மனதை அப்படியே திறந்து காட்டுகிறது. வெளிப்படையாக ஆயுதம் தரிப்பது ஆண்மையும் பெருந்தன்மையும் கொண்ட தற்காப்புக்கு மனிதர்களைத் தூண்டும். மறைத்து வைப்பது ஆண்மையற்ற பதுங்கிக் கொலைகளுக்கு இட்டுச்செல்லும் என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

இந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. குடிமகனின் உரிமை, கௌரவம் என்று பேசப்பட்ட ஒவ்வொரு வரியிலும் குடிமகன் என்றால் வெள்ளை ஆண். அடிமைப்படுத்தப்பட்டவர்கள் ஆயுதம் வைத்திருந்தால் அது மறைந்திருந்ததா தெரிந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர்கள் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும் என்றது வட கரோலினா. 1844-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. வெள்ளையருக்கு மறைக்கும் முறையில் மட்டும் கட்டுப்பாடு. கறுப்பினத்தவருக்கு ஆயுதத்திலேயே கட்டுப்பாடு. இரண்டு சட்டங்களும் ஒரே சமூகத்தில் அருகருகே இருந்தன.

வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையிலான உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்ததும் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையானது. அதே ஆண்டு மிசிசிப்பி, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்றவர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ குத்துவாளோ போவி கத்தியோ வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இனத்தின் பெயர் சொல்லிப் பாகுபாடு காட்டுவதற்கு அமெரிக்க அரசமைப்பின் பதினான்காம் திருத்தம் 1868-இல் தடை விதித்தது. அதன் பிறகு வந்த சட்டங்கள் எல்லோருக்கும் பொதுவான மொழியில் எழுதப்பட்டன. டென்னசி 1879-இல் ராணுவத்திலும் கடற்படையிலும் பயன்படும் வகை தவிர மற்றக் கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. அந்த ராணுவத் துப்பாக்கியைக்கூட வெளிப்படையாகக் கையில் ஏந்தித்தான் செல்ல வேண்டும். போர் முடிந்து வீடு திரும்பிய வெள்ளையர் பலரிடம் ராணுவத் துப்பாக்கி ஏற்கெனவே இருந்தது. மலிவான சிறு ரிவால்வரை மட்டுமே வாங்க முடிந்த ஏழைகளிடமிருந்து அந்த ஒன்றும் பறிபோனது என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். டென்னசி நீதிபதிகள் 1840-இல் போட்ட போர்க்கருவி என்ற அளவுகோலைப் பார்க்கும்போது அது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். விளைவு அப்படி அமைந்திருக்க வாய்ப்பு உண்டு.

டெக்சாஸின் 1871 சட்டம் இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் போரில் வடக்கின் பக்கம் நின்ற எட்மண்ட் டேவிஸ். சட்டமன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர் அமைத்த மாநிலப் போலீஸிலும் இருந்தார்கள். மாநிலமெங்கும் கும்பல் கொலைகள், பழிக்குப் பழி, விடுதலை பெற்றவர்கள் மீதான தாக்குதல்கள். அந்தச் சூழலில் கைத்துப்பாக்கி, குத்துவாள், கைத்தடி வாள், இரும்புக் கைமுட்டி, போவி கத்தி எதையும் மறைத்தோ வெளியேயோ எடுத்துச் செல்லக் கூடாது என்று தடை வந்தது. உடனடியான, நெருக்கடியான தாக்குதலை அஞ்சத் தக்க காரணம் உள்ளவர்களுக்கும் பயணிகளுக்கும் மட்டும் விலக்கு. டேவிஸின் ஆட்சி கவிழ்ந்தது. அவரை வெறுத்தவர்களே ஆட்சிக்கு வந்தார்கள். சட்டம் மட்டும் அப்படியே நின்றது. துப்பாக்கிக்கு மறுபெயராகக் கருதப்படும் டெக்சாஸில், ஒரு சாதாரண மனிதர் ஊருக்குள் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வது 1871 முதல் 1995 வரை பொதுவாகக் குற்றமாகவே இருந்தது. இதைச் சொன்னால் அமெரிக்கர்கள் பலரே நம்புவதில்லை.

இப்போது உங்கள் கௌபாய்க்கு வருவோம். 1870களில் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு கன்சாஸ் ரயில் நிலையங்களுக்கு வந்த இளைஞர்களின் கையில் மாதக் கணக்கான கூலி இருந்தது. ஊரில் சாராயக் கடைகள் இருந்தன. வணிகர்களுக்கு அவர்களுடைய பணம் வேண்டும், அவர்களுடைய துப்பாக்கி வேண்டாம். டாட்ஜ் சிட்டியில் துப்பாக்கி எடுத்துச் செல்வது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது என்று தெரு நடுவே நட்ட பலகையின் பழைய புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. ஊர் எல்லைக்குள் வந்ததும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரம் 1881 ஏப்ரலில் போட்ட ஒன்பதாம் எண் ஊர்ச்சட்டம் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எந்தக் கொலைக்கருவியையும் எடுத்துச் செல்வதைத் தடுத்தது. ஊருக்குள் வந்து ஆயுதத்தை ஒப்படைக்கப் போகிறவருக்கும், எடுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கும் மட்டும் விலக்கு. அக்டோபர் 26 காலையில் ஐக் கிளாண்டன் என்பவர் ரைபிளோடும் கைத்துப்பாக்கியோடும் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நகர மார்ஷல் வர்ஜில் ஏர்ப் அவரைத் தலையில் அடித்து வீழ்த்தி, நீதிபதி முன் நிறுத்தினார். 25 டாலர் அபராதமும் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டன. அன்று பிற்பகல் கிளாண்டனின் தம்பியும் மெக்லாரி சகோதரர்களும் ஆயுதத்தோடு ஊருக்குள் நிற்கிறார்கள் என்ற தகவலின் பேரில், அவற்றைப் பறிக்கத் தம் சகோதரர்களோடும் அவர்களுடைய நண்பர் டாக் ஹாலிடேயோடும் நடந்தார் வர்ஜில். சுமார் முப்பது விநாடிகளில் மூவர் இறந்தார்கள். எத்தனையோ படங்களுக்குக் கருவான ஓ.கே. கோரல் துப்பாக்கிச் சண்டை இதுதான். சட்டமே இல்லாத ஊர் என்று நாம் திரையில் பார்க்கும் இடத்தில், சண்டைக்குக் காரணமே ஓர் ஆயுதத் தடைச் சட்டத்தை அமல்படுத்தப் போனதுதான்.

வடகிழக்கு மாநிலங்கள் வேறு வழியில் போயின. மாசசூசெட்ஸ் 1836-இல் ஒரு ஏற்பாடு செய்தது: தாக்கப்படுவோம் என்று அஞ்சத் தக்க காரணம் இல்லாமல் ஒருவர் ஆயுதத்தோடு நடமாடினால், அவரால் அமைதி கெடும் என்று யாராவது புகார் கொடுத்தால், அவர் அமைதி காப்பேன் என்று ஜாமீன்தாரர்களோடு பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவில் எழுதி வாங்கினார்களே, அந்தப் பிணைப்பத்திரமும் இதே ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்ததுதான். எடுத்துச் செல்வது தானாகக் குற்றமாகாது. புகார் வந்தால் உத்தரவாதம் தர வேண்டும். இந்தச் சிறிய ஏற்பாட்டை நினைவில் வையுங்கள். 2024-இல் அது மீண்டும் உயிர் பெற்றது.

இருபதாம் நூற்றாண்டில் முறையே மாறியது. 1910-இல் நியூயார்க் மேயர் வில்லியம் கேனர் சுடப்பட்டு, கழுத்தில் குண்டோடு உயிர் பிழைத்தார். 1911 ஜனவரியில் டேவிட் கிரகாம் பிலிப்ஸ் என்ற நாவலாசிரியர் நியூயார்க்கில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு டிமத்தி சல்லிவன் என்ற அரசியல்வாதி கொண்டுவந்த சட்டம், மறைக்கத்தக்க சிறு துப்பாக்கியை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்றது. 1913-இல் எடுத்துச் செல்லும் உரிமத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. அதுவரை சட்டம் ஒரு செயலைத் தடுத்தது; மறைத்தாயா, இல்லையா என்று கேட்டது. இனி, நீ யார், உனக்கு எதற்கு என்று ஓர் அதிகாரி கேட்பார். நியூயார்க்கில் அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் சிறைக்கு அனுப்பப்பட்டவர்களில் இத்தாலியக் குடியேறிகள் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். புளோரிடா 1893-இல் சில துப்பாக்கிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றது. 1941-இல் ஒரு வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி புஃபோர்ட், அந்தச் சட்டம் கறுப்பினத் தொழிலாளிகளின் ஆயுதத்தைப் பறிப்பதற்காகவே வந்தது, வெள்ளையர் மீது அமல்படுத்தும் எண்ணமே இருந்ததில்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார். 1956 ஜனவரியில் அலபாமாவின் மாண்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தார்கள். அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. அந்த ஊரில் அவரைவிடத் தக்க காரணம் உள்ளவர் யார் இருந்திருக்க முடியும்?

பிறகு காற்று திசை மாறியது. 1987-இல் புளோரிடா, தகுதி உள்ள எவருக்கும் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. 1991-இல் டெக்சாஸின் கில்லீன் நகர உணவகம் ஒன்றில் 23 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே தம் பெற்றோரைப் பறிகொடுத்த சுசானா ஹப், சட்டத்துக்கு அஞ்சித் தம் துப்பாக்கியைக் காரிலேயே விட்டு வந்ததாகச் சட்டமன்றங்கள்தோறும் சாட்சியம் சொன்னார். 1995-இல் ஆளுநர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட, டெக்சாஸின் நூற்றாண்டுத் தடை விலகியது. மறைத்து வைப்பது இப்போது பொறுப்பான குடிமகனின் வழியாகிவிட்டது. கென்டக்கி 2019-இலும் லூசியானா 2024-இலும் உரிமம்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டன. 1813-இல் தடையை முதலில் எழுதிய அதே இரண்டு மாநிலங்கள்.

இதெல்லாம் பழங்கதையாக இருந்திருக்கும், 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புருவென் வழக்கில் நியூயார்க்கின் தக்க காரண நிபந்தனையை ரத்து செய்திருக்காவிட்டால். ஒரு துப்பாக்கிச் சட்டம் செல்லுமா என்பதை இனி நாட்டின் வரலாற்று மரபை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். மறைத்து எடுத்துச் செல்வதற்கான பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தடைகள் செல்லுபடியானவை, ஆனால் வெளிப்படையாக எடுத்துச் செல்லும் வழி திறந்திருந்ததால்தான் என்று ரீட், நன் தீர்ப்புகளை வைத்து அவர் வாதிட்டார். அந்த இடத்தில் அவர் வரலாற்றைச் சரியாகவே படித்தார் என்பது என் எண்ணம். டெக்சாஸின் 1871 சட்டத்தை மட்டும் விதிவிலக்கு என்று தள்ளியது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 124 ஆண்டுகள் ஒரு பெரிய மாநிலத்தை ஆண்ட சட்டத்தை மரபின் கணக்கில் சேர்க்காவிட்டால் வேறு எதைச் சேர்ப்பது? மாசசூசெட்ஸ் வகைப் பிணைப்பத்திரச் சட்டங்களுக்கும் அந்தத் தீர்ப்பு அதிக மதிப்புக் கொடுக்கவில்லை.

ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2024 ஜூனில், ரஹீமி வழக்கில் அதே நீதிமன்றம் அந்தப் பிணைப்பத்திரச் சட்டங்களைத்தான் ஊன்றுகோலாகப் பிடித்தது. வீட்டு வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சிச் சட்டம் செல்லும் என்று எட்டு நீதிபதிகள் சொன்னார்கள். பிறருக்கு ஆபத்தானவர் என்று தெரிந்தவரின் ஆயுதத்தைக் கட்டுப்படுத்தும் மரபு, பிணைப்பத்திரச் சட்டங்களிலும் ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவதற்கு எதிரான பழைய சட்டங்களிலும் இருக்கிறது என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் சொன்ன காரணம். மறுத்து எழுதிய ஒரே நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ்.